காட்டுச் செம்மறிக்கு வீட்டுச் செம்மறி ஏன் ஆகாது?

காட்டு மலைச்செம்மறிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் சில கருத்துகள் தவறாமல் தலைகாட்டும். வேட்டைக்காரர்கள்தான் இவற்றை அழித்தார்கள் என்பார்கள். மலைக்காற்றில் வளர்கிற விலங்குக்கு நோய்நொடி அண்டாது என்பார்கள். குறைந்துபோனால் என்ன, நாலு ஜோடியைப் பிடித்து வேறொரு மலையில் விட்டால் தானாகப் பெருகிவிடும் என்பார்கள். முதல் கருத்தில் பாதி உண்மை உண்டு. இரண்டாவது முழுக்கத் தவறு. மூன்றாவதை நம்பிப் பல பத்தாண்டுகள் வேலை நடந்திருக்கிறது. பலன் கிடைத்த இடமும் உண்டு, கையைச் சுட்டுக்கொண்ட இடமும் உண்டு.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் வட அமெரிக்காவின் பிக்ஹார்ன் செம்மறியைப் பற்றியது. காட்டுச் செம்மறிகளிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்டவற்றுள் அது ஒன்று. அதன் உடலையும் வாழ்க்கையையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அது கூட்டமாகச் சாவது ஏன், காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

## ஒரே பேரினம், இரண்டு கண்டங்கள்

உயிரியலாளர்கள் செம்மறிகள் எல்லாவற்றையும் ஓவிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு. இதில் காட்டு இனங்கள் எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆறு, ஏழு என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கு ஆசியாவில் மூஃப்ளான், ஈரான் பக்கமிருந்து லடாக் வரை யூரியல், நடு ஆசியாவின் உயர்ந்த மேட்டுநிலங்களில் ஆர்கலி, சைபீரியாவின் கிழக்குக் கோடியில் பனிச்செம்மறி. இவற்றில் ஆர்கலிதான் உருவத்தில் பெரியது. கிடா 150 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பாமீர் மலைகளில் வாழும் மார்கோ போலோ ஆர்கலியின் கொம்பை வளைவோடு சேர்த்து அளந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும்.

பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து சைபீரியாவும் அலாஸ்காவும் நிலத்தால் இணைந்திருந்தபோது, இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை அமெரிக்கப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதன் வழிவந்தவைதான் அலாஸ்கா, வடமேற்குக் கனடா பகுதிகளில் வாழும் டால் செம்மறியும், ராக்கி மலைகளிலிருந்து மெக்சிகோவின் பாலைநிலம் வரை காணப்படும் பிக்ஹார்னும்.

வீட்டுச் செம்மறியின் கதை வேறு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் மனிதர்கள் மூஃப்ளானைப் பழக்கியதில் வந்தது அது. ஆக, பிக்ஹார்னும் வீட்டுச் செம்மறியும் தூரத்துச் சொந்தம். இணைந்தால் குட்டி பிறக்கும் அளவுக்குச் சொந்தம். ஆனால் மிக நீண்ட காலம் வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு கிருமிகளோடு வாழ்ந்தவை. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான் என்பதால் இந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன கிளைச்செய்தி. மலை ஆடு என்றதும் பலருக்கு வரையாடு நினைவுக்கு வரும். அது ஓவிஸ் பேரினத்தில் சேராது. நெடுநாள் அதை இமயமலைத் தார் என்ற காட்டாட்டுடன் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு, வரையாட்டுக்கு நெருங்கிய உறவு இமயமலைத் தார் அல்ல, ஓவிஸ் செம்மறிகள்தான் என்று காட்டியது. அதன்பின் வரையாட்டுக்கென்றே ஒரு தனிப் பேரினம் வகுக்கப்பட்டது.

## செங்குத்துப் பாறையை நம்பி வாழும் விலங்கு

சமவெளியில் ஓநாயோடு ஓடிப் பார்த்தால் பிக்ஹார்ன் தோற்றுவிடும். அதன் உத்தி வேறு. எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும். பார்த்ததும் பக்கத்திலிருக்கும் செங்குத்துப் பாறையில் ஏறிவிட வேண்டும். கண்பார்வை மிகக் கூர்மை. குளம்பின் ஓரம் கெட்டியாகவும் அடிப்பகுதி மெத்தென்றும் இருப்பதால், வழுக்கும் சரிவிலும் பிடிமானம் கிடைக்கிறது. இப்படி ஏறித் தப்பிக்க உதவும் செங்குத்து நிலத்தை இனித் தப்பிடம் என்று சொல்வோம்.

இந்த விலங்கின் வாழ்க்கையில் பாதியைத் தப்பிடம்தான் தீர்மானிக்கிறது. எவ்வளவு நல்ல புல் இருந்தாலும் தப்பிடத்தை விட்டு வெகுதூரம் போகப் பெட்டைகள் துணியமாட்டா. காலோடு குட்டி இருந்தால் இன்னும் கெடுபிடி. மரம் அடர்ந்த இடமும் ஆகாது, ஏனென்றால் அங்கே மறைந்து வரும் மலைச்சிங்கத்தை, அதாவது பூமா என்ற பெரிய காட்டுப்பூனையை, முன்கூட்டியே பார்க்க முடியாது. காட்டுத்தீயை மனிதர்கள் பல பத்தாண்டுகளாக விடாமல் அணைத்துவந்ததில், பல மலைகளில் மரங்கள் புல்வெளிக்குள் ஏறிவிட்டன. ஊசியிலை மரம் வளர்ந்து பச்சைப் பசேலென்று தெரியும் சரிவைப் பார்த்து நாம் மகிழ்வோம். பிக்ஹார்னுக்கு அது இழந்துபோன நிலம். ஆகவே இவற்றின் வாழிடம் ஒரே பரப்பாக விரிந்து கிடப்பதில்லை. இங்கே ஒரு திட்டு, இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு திட்டு என்று சிதறிக் கிடக்கிறது.

ஆண்டின் பெரும்பகுதி கிடாக்கள் தனியாகவும், பெட்டைகளும் குட்டிகளும் தனியாகவும் வாழ்கின்றன. பெட்டைக்குப் பாதுகாப்பு முதல், தீனி அப்புறம். கிடாவுக்குத் தீனி முதல். உடம்பு தேறினால்தான் சண்டையில் நிற்க முடியும். அதனால் கிடாக்கள் ஆபத்தான இடங்களுக்கும் துணிந்து போகும், தூரமாகவும் அலையும். வடக்கே வாழும் கூட்டங்களில் நவம்பர், டிசம்பர் மாதங்கள் இணைசேரும் பருவம். ஏறக்குறைய ஆறு மாதச் சினைக்குப் பிறகு பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி பிறக்கும். இரட்டைக் குட்டி அபூர்வம். வேகமாகப் பெருகும் விலங்கு அல்ல இது. ஓர் ஆண்டின் குட்டிகள் எல்லாம் செத்துவிட்டால் அந்தப் பள்ளத்தை நிரப்ப நாளாகும்.

கொம்பைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மானின் கிளைக்கொம்பு முழுக்க எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். செம்மறியின் கொம்பு அப்படி இல்லை. உள்ளே எலும்பு, அதன்மேல் கெராட்டின் உறை. கெராட்டின் என்பது நம் நகத்திலும் முடியிலும் உள்ள அதே புரதம். இந்தக் கொம்பு உதிராது. வாழ்நாள் முழுக்க வளரும். பனிக்காலத்தில் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடுவதால் ஆண்டுக்கொரு வளையம் விழும். அந்த வளையங்களை எண்ணிக் கிடாவின் வயதைச் சொல்லலாம், எந்த ஆண்டு தீனி நன்றாகக் கிடைத்தது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். முதிர்ந்த கிடாவின் தலையில் இருக்கும் இரு கொம்புகளும் சேர்ந்து 14 கிலோ வரை எடை வரும். பெட்டைகளுக்கும் கொம்பு உண்டு, ஆனால் சிறியது, லேசான வளைவுதான்.

முட்டிக்கொள்ளும் காட்சிதான் எல்லா ஆவணப்படங்களிலும் வரும். நடைமுறையில், கொம்பின் அளவைப் பார்த்தே பெரும்பாலான கிடாக்கள் யார் பெரியவர் என்று முடிவுசெய்து ஒதுங்கிவிடும். பலமான மோதல் ஏறக்குறைய சமமான இருவருக்குள்தான் நடக்கும்.

இதுவரை பார்த்ததில் மூன்று விஷயங்கள் பின்னால் தேவைப்படும்: வாழிடம் சிதறியது, குட்டி ஒன்றே ஒன்று, கிடா ஊர்சுற்றி.

## ஒரு பட்டிக்குள் நடந்த சோதனை

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்குக்கு வீட்டுச் செம்மறி மந்தைகள் லட்சக்கணக்கில் ஏற்றி வரப்பட்டன. மந்தைகள் போன இடங்களில் பிக்ஹார்ன்கள் கும்பலாகச் சாவதை அப்போதே பலர் கவனித்திருக்கிறார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. சொறி என்றார்கள், நுரையீரல் புழு என்றார்கள், கடும் குளிர் என்றார்கள்.

1980களில் இந்தச் சந்தேகத்தை நேரடியாகவே சோதித்தார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆறு பிக்ஹார்ன்களையும் நலமாக இருந்த ஆறு வீட்டுச் செம்மறிகளையும் ஒரே அடைப்பில் விட்டார்கள். சில நாட்களில் சாவு தொடங்கி, இரண்டரை மாதத்துக்குள் ஆறு பிக்ஹார்ன்களும் நிமோனியாவில் செத்தன. வீட்டுச் செம்மறிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடு, லாமா போன்ற விலங்குகளோடு பிக்ஹார்ன்களை அடைத்துப் பார்த்த வேறு சோதனைகளில் இப்படி ஒரு பேரழிவு நேரவில்லை.

சரி, வீட்டுச் செம்மறியிடமிருந்து என்ன தொற்றுகிறது? இங்கேதான் விஞ்ஞானிகளும் நெடுங்காலம் குழம்பினார்கள். செத்த பிக்ஹார்னின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால் பாக்டீரியா கிடைக்கும். ஆனால் ஒரு கூட்டத்தில் ஒரு வகை, அடுத்த கூட்டத்தில் வேறு வகை. ஒரே விலங்கில் இரண்டு மூன்று வகைகள். அவற்றில் பல, நலமாக இருக்கும் பிக்ஹார்ன்களின் தொண்டையிலும் சாதாரணமாகக் குடியிருப்பவை. குற்றவாளி யார் என்று கைகாட்டவே முடியவில்லை.

## பெருக்குபவரின் கையைக் கட்டும் கிருமி

ஒரு வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். தெருப்புழுதி தினமும் வந்து விழுகிறது. யாரோ தினமும் பெருக்குகிறார்கள். வாசல் சுத்தமாக இருக்கிறது. ஒருநாள் ஒருவன் வந்து, வீட்டுக்குள் எதையும் உடைக்காமல், பெருக்குபவரின் கையை மட்டும் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறான். பத்து நாளில் வீடு குப்பைக்காடாகிறது. குப்பையைக் கிளறி ஆராய்ந்தால் என்ன கிடைக்கும்? வழக்கமான புழுதியும் சருகும்தான். கையைக் கட்டியவன் அந்தக் குப்பையில் பெரிதாகத் தென்பட மாட்டான்.

மூச்சுக்குழாயிலும் இப்படி ஒரு பெருக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. இவற்றின் பெயர் குறுயிழைகள். இவை ஒரே திசையில் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து அது விழுங்கப்படும் அல்லது இருமி வெளியேற்றப்படும். நமக்கும் இதே ஏற்பாடுதான்.

கையைக் கட்டும் கிருமியின் பெயர் மைக்கோபிளாஸ்மா ஓவிநியூமோனியே. செல்சுவரே இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா வகை. சுருக்கமாக மைக்கோபிளாஸ்மா என்போம். இது குறுயிழைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. இழைகளின் அசைவு கெடுகிறது. சளி மேலே ஏறுவதில்லை. தொண்டையில் வழக்கமாக இருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகுகின்றன. விலங்கு சாவது அந்த இரண்டாம் தொற்றால். கதவைத் திறந்துவிட்டது மைக்கோபிளாஸ்மா. நுரையீரலை அறுத்துப் பார்த்தவர்களுக்குக் கூட்டத்துக்கொரு கிருமி கிடைத்தது இதனால்தான். சாதாரண ஆய்வுக்கூட முறையில் மைக்கோபிளாஸ்மாவை வளர்த்தெடுப்பதும் கடினம். மரபணுவை வைத்துக் கிருமியைக் கண்டுபிடிக்கும் முறைகள் வந்த பிறகு, 2008 வாக்கில்தான் அது தெளிவாக மாட்டியது.

இதை உறுதிசெய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மைக்கோபிளாஸ்மா இல்லாத வீட்டுச் செம்மறிகளைத் தேர்ந்தெடுத்து, பிக்ஹார்ன்களோடு மாதக்கணக்கில் ஒரே அடைப்பில் வைத்தார்கள். பெரும்பாலான பிக்ஹார்ன்கள் நலமாகவே இருந்தன. பழைய சோதனையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். மாறியது ஒரு கிருமி மட்டும்.

வீட்டுச் செம்மறிக்கு இந்தக் கிருமி புதிதல்ல. அமெரிக்காவின் பெரும்பாலான மந்தைகளில் அது இருக்கிறது. குட்டிகள் கொஞ்சம் இருமும், எடை சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். வீட்டு வெள்ளாடுகளிடமும் இது உண்டு. நெடுங்காலப் பழக்கத்தில் அவற்றின் உடல் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. பிக்ஹார்ன்களின் மூதாதையர் அமெரிக்காவுக்குப் போனது மிக முன்பு; கிருமி கப்பலேறி வந்தது சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான். மலைக்காற்றும் கட்டுமஸ்தான உடம்பும் இதற்கு எதிரே எதுவும் செய்ய முடியாது. நோய் எதிர்ப்பு என்பது உடல் வலிமையைப் பொறுத்தது மட்டுமல்ல, அந்தக் குறிப்பிட்ட கிருமியோடு உள்ள அறிமுகத்தையும் பொறுத்தது.

## சாவு நின்ற பிறகும் தொடரும் சாவு

கிருமி புதிதாக நுழையும் கூட்டத்தில் வயது வித்தியாசமில்லாமல் விலங்குகள் சாகும். சில கூட்டங்களில் பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் பத்தில் ஒன்பது பங்கு. ஐடஹோ, ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் சந்திக்கும் ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில் 1995–96 பனிக்காலத்தில் சுமார் 300 பிக்ஹார்ன்கள் செத்தன. 2009–10 பனிக்காலத்தில் மொன்டானா, நெவாடா, வாஷிங்டன் உட்படப் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் கொத்துக்கொத்தாகச் சாவு விழுந்தது. செய்திகளில் வருவது இந்தக் கட்டம்தான்.

மோசமானது அதற்கு அடுத்த கட்டம். பிழைத்த பெட்டைகள் பார்வைக்கு நன்றாக இருக்கும், அடுத்த ஆண்டு குட்டியும் போடும். பிறக்கும் குட்டிகள் ஓரிரு மாதம் துள்ளி விளையாடும். அப்புறம் இருமத் தொடங்கும். கோடை முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாமே செத்துவிடும். அடுத்த ஆண்டும் இதே கதை. சில கூட்டங்களில் இது பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்திருக்கிறது.

பிழைத்த பெட்டைகளில் ஒருசில, கிருமியை முற்றிலும் ஒழிக்காமல் மூக்கிலேயே வைத்துக்கொண்டிருக்கும். இப்படித் தனக்கு நோயில்லாமல் கிருமியைத் தொடர்ந்து வெளியிடும் விலங்கை நோய்சுமப்பி என்போம். தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு குட்டியிடம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். குட்டிகளோ எந்நேரமும் ஒன்றாகத் திரியும், மூக்கோடு மூக்கு உரசும். ஒரே ஒரு நோய்சுமப்பி போதும். அதன் குட்டி வழியாக மொத்தக் குட்டிகளுக்கும் போய்விடும்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். கூட்டத்தில் 60 விலங்குகள் இருக்கின்றன, ஐந்து ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன என்றால் நிலைமை பரவாயில்லை என்று தோன்றும். அந்த அறுபதும் வயதேறிக்கொண்டே போகும் பெட்டைகளாக இருக்கலாம். பிக்ஹார்ன் கூட்டத்தைப் பற்றி யாராவது கணக்குச் சொன்னால், கோடைக் கடைசியில் எத்தனை குட்டிகள் உயிரோடு இருந்தன என்று கேட்டுப்பாருங்கள்.

ஆக, பெருஞ்சாவு ஒருமுறை நடந்து முடிவது; குட்டிச்சாவு ஆண்டுக்காண்டு நடப்பது. கூட்டத்தை மெல்ல அழிப்பது பின்னதுதான்.

## கிருமி மலையேறும் வழி

வீட்டுச் செம்மறி மேய்ச்சலுக்கு மலைக்குப் போகிறது; சில சமயம் மந்தையிலிருந்து வழிதவறுகிறது. அது ஒரு வழி. இன்னொன்று, நம் ஊர்சுற்றிக் கிடா. இணைசேரும் பருவத்தில் கிடா தன் திட்டைவிட்டு வெளியேறி, சில சமயம் 30 கிலோமீட்டருக்கு மேலும் போகும். வழியில் வீட்டுச் செம்மறிப் பட்டி தென்பட்டால், அங்கிருப்பவை அதற்குச் சொந்த இனம்தான். வேலி தாண்டிப் போய் நின்றுவிட்டு, சில நாளில் தன் கூட்டத்துக்குத் திரும்பும்.

அமெரிக்காவின் பொது நிலங்களை நிர்வகிப்பவர்கள் 1990களில் காட்டுச் செம்மறிக்கும் வீட்டுச் செம்மறிக்கும் நடுவே 9 மைல், அதாவது சுமார் 14.5 கிலோமீட்டர் இடைவெளி வைக்கப் பரிந்துரைத்தார்கள். கிடாக்கள் நடக்கும் தூரத்தைப் பார்த்தால் அது போதாது என்பது தெரியும்.

வெளியாட்கள் அதிர்ச்சியடையும் ஒரு நடைமுறை இதிலிருந்து வருகிறது. வீட்டுச் செம்மறிகளோடு கலந்த பிக்ஹார்னைக் கண்டால், பல மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் அதைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து நிரந்தரமாக விலக்கிவிடும். பெரும்பாலும் சுட்டுக் கொன்றுவிடும். காப்பாற்ற வேண்டியவர்களே கொல்வதா என்று கோபம் வரும். அந்த ஒரு விலங்கு திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். தடுப்பூசி இதுவரை கைகொடுக்கவில்லை. செங்குத்துப் பாறையில் வாழும் நூறு விலங்குகளுக்கு நாள்தவறாமல் மருந்து கொடுப்பதும் நடக்காத காரியம்.

## வேட்டை: அந்தப் பாதி உண்மை

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுரங்க முகாம்களுக்கும் குடியேற்ற ஊர்களுக்கும் இறைச்சிக்காக பிக்ஹார்ன்களை வரைமுறையில்லாமல் சுட்டார்கள். வீட்டு விலங்குகளின் மேய்ச்சலும் நோயும் சேர்ந்துகொள்ள, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பல மாநிலங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டகோட்டா பகுதிகளில் வாழ்ந்த கூட்டங்கள் 1920களில் மறைந்தன. டெக்சாஸிலும் சொந்தக் கூட்டங்கள் அழிந்தன. இப்போது வட அமெரிக்கா முழுவதும் சுமார் 80,000 பிக்ஹார்ன்கள் இருக்கின்றன; அவற்றில் கணிசமான பகுதி மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை.

இன்றைய உரிம வேட்டை வேறு விதமானது. குறிப்பிட்ட எண்ணிக்கையில், பெரும்பாலும் முதிர்ந்த கிடாக்களை மட்டும் சுட அனுமதி. ஒரு சில உரிமங்களை ஏலம் விடுகிறார்கள். மொன்டானாவில் 2013இல் ஓர் உரிமம் 4,80,000 டாலருக்குப் போனது. பிக்ஹார்ன்களை இடம்மாற்றவும் ஆராயவும் செலவாகும் பணத்தில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. பிடிக்கிறதோ இல்லையோ, இன்றைய நிலவரம் இது.

அதற்காக வேட்டையால் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மவுண்டன் என்ற மலையில் 1970களிலிருந்து ஒவ்வொரு பிக்ஹார்னையும் தனித்தனியே அடையாளம் வைத்துத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். பெரிய கொம்புள்ள கிடாக்கள் இனம்பெருக்கும் வயதின் உச்சத்தை எட்டும் முன்பே சுடப்பட்டதால், தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு சிறுத்துவந்தது என்று 2003இல் அங்கிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுத்ததில் எவ்வளவு பங்கு மரபியல், எவ்வளவு பங்கு தீனிக் குறைவு என்பதில் விவாதம் உண்டு. ஆனால் கூட்டத்தை ஒரே பனிக்காலத்தில் காலிசெய்யும் வேலையை இன்றைய உரிம வேட்டை செய்வதில்லை. அதைச் செய்வது நிமோனியா.

## பிடித்துவந்து விட்டால் போதுமா?

மெக்சிகோவின் டிபுரோன் தீவு இதற்கு நல்ல உதாரணம். கலிபோர்னியா வளைகுடாவில் உள்ள அந்தத் தீவில் 1975இல் 16 பெட்டைகளையும் 4 கிடாக்களையும் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மலைச்சிங்கமும் இல்லை, வீட்டுச் செம்மறியும் இல்லை. இருபது, சில நூறுகளாகப் பெருகியது. பிற்பாடு மற்ற மலைகளில் விடுவதற்கான விலங்குகள் அங்கிருந்தே பிடித்துப் போகப்பட்டன.

தீவில் நடந்தது எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஒரு காரணம் நோய். இன்னொன்று அறிவு. ஆம், அறிவுதான். மலையில் பனி உருக உருக, புதுத்தளிர் அடிவாரத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். அந்தத் தளிரின் பின்னாலேயே ஏறிப்போனால் கோடை முழுக்கச் சத்தான தீனி. எந்தப் பாதையில், எப்போது போவது என்பது பிறவியிலேயே வருவதில்லை. தாயின் பின்னால் நடந்து கற்றுக்கொள்வது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டிய பிக்ஹார்ன்களை ஒப்பிட்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில் வாழும் கூட்டங்களில் 65 முதல் 100 சதவீதம் வரை பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்தன. புதிதாகக் கொண்டுவந்து விட்டவற்றில் இடம்பெயர்ந்தவை 9 சதவீதத்துக்கும் குறைவு. கூட்டம் அந்த மலையைக் கற்றுத் தேற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடிக்கிறது.

அதாவது ஒரு கூட்டம் அழிந்தால், போவது உடல்கள் மட்டுமல்ல. அந்த மலையைப் பற்றிய பாடமும் போய்விடுகிறது. லாரியில் புது விலங்குகளை ஏற்றிவரலாம், பாடத்தை ஏற்றிவர முடியாது.

நோய் இல்லாத இடத்திலும் வேலை சுலபமில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா பிக்ஹார்ன்கள் 1990களில் நூற்றுச்சொச்சமாகக் குறைந்து, அழியும் ஆபத்துள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. இடம்மாற்றம், மலைச்சிங்கக் கட்டுப்பாடு, மேய்ச்சலை விலக்குதல் எல்லாம் சேர்ந்து அறுநூறு வரை கொண்டுவந்தன. அப்புறம் 2016–17, 2022–23 ஆண்டுகளின் கடும் பனிக்காலங்களில் பனிச்சரிவும் பட்டினியும் நிறையப் பலிகொண்டன.

## ஆசியாவில்

லடாக்கின் ஆர்கலிக்கும் யூரியலுக்கும் உள்ள சிக்கல் வேறு முகம் கொண்டது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி இரண்டும் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மேய்ப்பர்களின் மந்தை வந்தால் ஆர்கலிகள் நல்ல புல்லை விட்டுச் செங்குத்தான, தீனி குறைந்த சரிவுகளுக்கு ஒதுங்குகின்றன என்று அங்கு நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. யூரியலின் பாடு இன்னும் நெருக்கடி. சிந்து, ஷயோக் ஆற்றோரத் தாழ்சரிவுகள்தான் அதன் இடம், சாலையும் ஊரும் வயலும் வருவதும் அங்கேதான். நோயும் இங்கே இல்லாமல் இல்லை. 2016–17இல் மங்கோலியாவில் வீட்டு ஆடுகளிடமிருந்து பரவிய ஆட்டுக்கொல்லி நோயில் சைகா மான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன.

## இப்போது செய்யப்படுவது

முதல் வேலை, விலக்கி வைப்பது. ஐடஹோவின் பேயெட் தேசிய வனத்தில் வீட்டுச் செம்மறி மேய்ச்சலை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்க 2010இல் முடிவெடுத்தார்கள். செம்மறி வளர்ப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. தலைமுறைகளாக அந்த மலையில் மேய்த்த குடும்பங்களுக்கு இது சின்ன இழப்பு இல்லை. அவர்கள் சட்டப்படி மேய்த்தார்கள், அவர்களின் ஆடுகள் நோயாளிகளும் இல்லை. வழக்கைவிட நல்ல வழி என்று எனக்குத் தோன்றுவது, மேய்ச்சல் உரிமையை விட்டுக்கொடுப்பவர்களுக்குப் பணம் கொடுப்பது. தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் இதைச் செய்துவருகின்றன. சிலர் செம்மறியை விட்டு மாட்டுக்கு மாறுகிறார்கள். சின்னப் பட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் ஆடுகளைச் சோதித்து, மைக்கோபிளாஸ்மா இல்லாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஏற்கெனவே கிருமி புகுந்த கூட்டங்களில் நோய்சுமப்பிகளைத் தேடி எடுப்பது. பெட்டைகளைப் பிடித்து மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். ஓராண்டு இரண்டாண்டு கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கிருமி தென்படும் பெட்டையைக் கூட்டத்திலிருந்து அகற்றுகிறார்கள். தென் டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவிலும் ஹெல்ஸ் கேன்யனிலும் இதைச் செய்த பிறகு குட்டிகள் பிழைக்கத் தொடங்கின. விலை அதிகம், ஹெலிகாப்டர் வேண்டும், எல்லாக் கூட்டத்திலும் செய்ய முடியாது. செய்து முடித்த கூட்டத்துக்குள்ளும் அடுத்த ஆண்டே ஓர் ஊர்சுற்றிக் கிடா கிருமியோடு திரும்பி வரலாம்.

ஆகவே பிக்ஹார்ன் பகுதிகளில் மலையேறுபவர்களுக்கும் ஆடு வளர்ப்பவர்களுக்கும் துறையினர் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. வீட்டுச் செம்மறிகளுக்கோ வெள்ளாடுகளுக்கோ நடுவே பிக்ஹார்ன் நிற்பதைப் பார்த்தால், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே வனவிலங்குத் துறைக்குச் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தில் அதை மலைப்பக்கம் விரட்டிவிடக் கூடாது. விரட்டினால் அது நேராகப் போவது தன் கூட்டத்துக்குத்தான்.